பிரைட்டன் வாங்கியவர் பெல்ஜியத்தில் ஆடியது ஏன்? மிதோமாவின் பாதைக்குப் பின்னால் இருக்கும் விதிகள்

2021 ஆகஸ்ட் 10 அன்று இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப் ஒரு ஜப்பானிய விங்கரை (ஓரமாக ஆடும் முன்கள வீரரை) நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்திருப்பதாக அறிவித்தது. அதே அறிவிப்பில் இன்னொரு செய்தியும் இருந்தது: அந்த சீசன் முழுக்க அவர் பெல்ஜியத்தின் யூனியன் சாங்-ஜில்வாஸ் அணிக்கு லோனில், அதாவது இரவல் வீரராக, ஆடுவார். யூனியன் அப்போதுதான் கீழ் டிவிஷனிலிருந்து மேலே ஏறி வந்திருந்த அணி. கவோரு மிதோமா என்ற அந்த வீரருக்குக் கொடுத்த விலை சுமார் 30 லட்சம் பவுண்ட் என்று செய்திகள் சொல்லின. மூன்றரை ஆண்டு கழித்து, 2025 ஜனவரியில், சவூதியின் அல் நஸ்ர் அவருக்காக 5 கோடி பவுண்டுக்கு மேல் கேட்டுப் பார்த்தது, பிரைட்டன் கொடுக்க மறுத்துவிட்டது என்று அதே ஊடகங்கள் எழுதின.

இந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தை, பல்கலைக்கழகத்தில் டிரிப்ளிங் (பந்தோடு எதிராளியைத் தாண்டிப் போவது) பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிய மேதையின் கதையாகத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, பொய்யும் இல்லை. ஆனால் அவர் ஏன் 22 வயதில்தான் தொழில்முறை வீரரானார், ஏன் அவ்வளவு மலிவாகப் போனார், வாங்கியவர்களே ஏன் வேறு நாட்டுக்கு அனுப்பினார்கள் என்பதற்கெல்லாம் அந்தக் கதையில் பதில் கிடையாது. பதில் இருப்பது ஒப்பந்த விதிகளிலும் விசா விதிகளிலும்தான். அவற்றைப் புரிந்துகொண்டால் மற்ற ஜப்பானிய வீரர்கள் போகிற பாதையும் பெருமளவு புரிந்துவிடும்.

## முதலில் அடிப்படை: தொழில்முறைக்கு இரண்டு வாசல்

ஜப்பானின் தொழில்முறைப் போட்டியான ஜே லீக் 1993-இல் தொடங்கியது. அதன் கிளப்புகள் சிறுவர்களுக்குச் சொந்தமாக அகாடமி நடத்துகின்றன. அது ஒரு வாசல். மற்றது பள்ளி, பல்கலைக்கழகக் கால்பந்து, லீக்கைவிட வயதில் மிக மூத்தது. ஐரோப்பாவில் 18 வயதில் கிளப் கைவிட்ட பையனுக்குக் கால்பந்து கிட்டத்தட்ட முடிந்தது. ஜப்பானில் அவன் பல்கலைக்கழக அணியில் நான்கு வருஷம் ஆடிவிட்டு 22 வயதில் திரும்பி வரலாம், அது தோல்வியாகவும் பார்க்கப்படுவதில்லை. இன்டர் மிலானில் ஆடிய யூதோ நகதோமோ மெய்ஜி பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். ஜுன்யா இதோ கனகாவா பல்கலைக்கழகம்.

இந்த இரண்டு வாசலையும் இணைக்க ஒரு ஏற்பாடு உண்டு, சிறப்பு நியமன வீரர் முறை. பல்கலைக்கழக அணியில் பதிவு செய்திருக்கும்போதே ஒரு மாணவர் ஜே லீக் கிளப்புக்காகவும் அதிகாரபூர்வப் போட்டிகளில் ஆடலாம். படிப்பை விட வேண்டியதில்லை, மாணவர் அந்தஸ்தும் போகாது.

மிதோமா இரண்டு வாசலையும் பார்த்தவர். 1997 மே 20-இல் பிறந்தார், வளர்ந்தது டோக்கியோவை ஒட்டியுள்ள கவாசாக்கி நகரில். தொடக்கப்பள்ளி வயதிலேயே கவாசாக்கி ஃப்ரோன்டாலேயின் அகாடமிக்குள் போய் 18 வயது வரை அங்கேயே இருந்தார். அப்போது கிளப் அவரை மூத்த அணிக்கு எடுத்துக்கொள்கிறோம் என்றது. அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு 2016-இல் சுகுபா பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படிக்கச் சேர்ந்தார்.

## 18 வயதில் மறுத்தது துணிச்சலா, கணக்கா?

பெரியவர்களின் ஆட்டத்துக்கு உடம்பு இன்னும் தயாராகவில்லை என்று நினைத்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அடக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நேரத்து நிலவரத்தைப் பார்த்தால் அது நல்ல கணக்கும்கூட.

1. ஜே லீக்கில் ஐரோப்பாவில் உள்ளதைப் போல ஒழுங்கான ரிசர்வ் அணிப் போட்டி அப்போது இல்லை. கம்பா ஒசாகா, செரேசோ ஒசாகா, எஃப்சி டோக்கியோ என்று சில கிளப்புகள் மட்டும் 23 வயதுக்குட்பட்டோர் அணியை மூன்றாம் டிவிஷனில் இறக்கின. ஃப்ரோன்டாலேவுக்கு அப்படி ஒரு அணி கிடையாது. மூத்த அணியில் இடம் கிடைக்காத 18 வயதுப் பையன் வாரம் முழுக்கப் பயிற்சி செய்துவிட்டு, வார இறுதியில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

2. ஃப்ரோன்டாலே அப்போது எழுந்துகொண்டிருந்த அணி. 2017, 2018 இரண்டு ஆண்டும் லீக் பட்டம் வென்றது. அந்த நடுக்களத்திலும் முன்வரிசையிலும் ஒரு பதின்ம வயதுக்காரர் இடம் பிடிப்பது எளிதல்ல.

3. பல்கலைக்கழக லீக்கில் வாரம்தோறும் 90 நிமிடம் ஆட்டம் நிச்சயம்.

சுகுபாவில் கிடைத்தது ஆட்ட நேரம் மட்டுமல்ல. அது விளையாட்டு அறிவியலுக்குப் பேர்போன இடம். ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடிய சடோரு தனிகாவா அங்கே ஆசிரியர். அவரிடம் மிதோமா ஓடும் முறையைக் கற்றார். முதல் இரண்டு மூன்று அடியில் வேகமெடுப்பது, சட்டென்று நிற்பது, மறுபடி கிளம்புவது. இன்று இங்கிலாந்து டிஃபெண்டர்கள் திணறுவது அந்த நிறுத்தத்திலும் கிளம்பலிலும்தான். அந்த ஆய்வுக் கட்டுரையும் இங்கேதான் எழுதப்பட்டது. அணி வீரர்களின் தலையில் கேமராவைக் கட்டி, பந்து வரும்போது அவர்கள் கண் எங்கே போகிறது என்று பார்த்தார். நன்றாக ஆடுகிறவர்கள் பந்தைக் குனிந்து பார்ப்பதில்லை, எதிராளியையும் சுற்றியுள்ள இடத்தையும் பார்க்கிறார்கள் என்பது அதில் கிடைத்த பதில். என்னைக் கேட்டால், கட்டுரையைவிட தனிகாவாவின் ஓட்டப் பாடம்தான் அவருக்கு அதிகம் சோறு போட்டது.

2017-இல் ஜப்பானின் நாக்-அவுட் போட்டியான பேரரசர் கோப்பையில் மாணவர்களின் அணியான சுகுபா, முதல் டிவிஷன் கிளப்பான வெகால்டா செண்டாயை 3-2 என்று வீழ்த்தியது, அதில் இரண்டு கோல் மிதோமாவுடையது. அடுத்த ஆண்டே ஃப்ரோன்டாலே 2020 சீசனுக்கு அவரை எடுப்பதாக அறிவித்துவிட்டது. 2019-இல் சிறப்பு நியமன வீரராக, மாணவராகவே, கிளப்புக்கு முதல் ஆட்டம் ஆடினார்.

## ஒரே ஒரு முழு சீசன்

2020 தொற்றுக்காலம். இது பலரும் கவனிக்காத விஷயம்: அந்த ஆண்டு ஜே லீக்கில் ஐந்து மாற்று வீரர்களை இறக்க அனுமதி இருந்தது, தரமிறக்கம் நிறுத்தி வைக்கப்பட்டது, ஆட்டங்களும் நெருக்கி நெருக்கி வைக்கப்பட்டன. புதுமுகத்துக்கு இதைவிட நல்ல நேரம் அமையாது. பல ஆட்டங்களில் மிதோமா பின்பாதியில்தான் இறங்கினார், களைத்துப்போன டிஃபென்ஸைக் கிழித்தார். லீக்கில் 13 கோல், 12 அசிஸ்ட் (பிறர் கோலடிக்கக் கொடுத்த பந்து). புதுமுக வீரருக்கான கோல் சாதனையை அந்த 13 சமன் செய்தது. ஃப்ரோன்டாலே 83 புள்ளியோடு பட்டம் வென்றது. 2021 புத்தாண்டு நாளன்று நடந்த பேரரசர் கோப்பை இறுதியில் கம்பா ஒசாகாவுக்கு எதிராக விழுந்த ஒரே கோலும் அவருடையது.

அந்த ஆண்டின் சிறந்த 11 பேரில் அவர் பெயரும் இருந்தது. அப்படிப்பட்டவர் ஏன் 30 லட்சம் பவுண்டுக்குப் போனார்?

## விலை ஏன் அவ்வளவு குறைவு

டிரான்ஸ்பர் தொகை என்பது வீரரின் திறமைக்கான விலை அல்ல. ஒப்பந்தத்தில் மிச்சமுள்ள காலத்தைக் கைவிட, விற்கும் கிளப் கேட்கும் ஈடு. ஒப்பந்தம் சின்னதாக, சம்பளம் குறைவாக, வாங்குகிறவருக்கு ஆபத்து அதிகமாக இருந்தால் தொகை இறங்கும். மிதோமா விஷயத்தில் மூன்றுமே இருந்தன.

1. ஜே லீக்கில் 1999 முதல் ஏ, பி, சி என்று ஒப்பந்தங்களைப் பிரித்து வைத்திருந்தார்கள். புதிதாக வருகிறவர் பெரும்பாலும் சி ஒப்பந்தத்தில்தான் நுழைய முடிந்தது, அதன் அடிப்படைச் சம்பள உச்சவரம்பு ஆண்டுக்கு 46 லட்சம் யென். முதல் டிவிஷனில் 450 நிமிடம் ஆடி முடித்தால் ஏ ஒப்பந்தத்துக்கு மாற முடிந்தது, ஆனால் முதல் ஏ ஒப்பந்தத்துக்கும் 67 லட்சம் யென் என்று ஒரு கூரை இருந்தது. புதுமுகங்களுக்காகக் கிளப்புகள் போட்டி போட்டுத் திவாலாகக் கூடாது என்பது நோக்கம். அதன் பக்க விளைவு, ஐரோப்பாவின் நடுத்தரக் கிளப்கூட இந்தச் சம்பளத்தைப் பல மடங்கு தாண்டிவிடும். வீரரைக் கட்டிவைக்க உள்ளூர்க் கிளப்பின் கையில் பணம் என்ற ஆயுதமே இல்லை.

2. வெளிநாடு போகும் கனவை மதிப்பது ஜப்பானியக் கிளப்புகளிடம் ஏறத்தாழ ஒரு பண்பாடு. வெளிநாட்டுக் கிளப் கேட்டால் இவ்வளவு குறைந்த தொகைக்கு விடுவோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுப்பதும் வழக்கம். பழைய கொடுமையான உதாரணம் ஷின்ஜி ககாவா: 2010-இல் செரேசோ ஒசாகாவிலிருந்து ஜெர்மனியின் டார்ட்மண்டுக்கு வெறும் 3.5 லட்சம் யூரோவுக்குப் போனார், அது வளர்த்த கிளப்புக்குத் தரும் பயிற்சி ஈட்டுத்தொகை மட்டுமே. அடுத்த இரண்டு ஆண்டும் டார்ட்மண்ட் ஜெர்மன் சாம்பியன். 2012-இல் அவரை மான்செஸ்டர் யுனைடெட் வாங்கியபோது விலை கோடிக்கணக்கில்.

3. வாங்குகிறவருக்கான ஆபத்து. மிதோமாவுக்கு 24 வயது, முழுதாக ஆடியது ஒரு சீசன், ஜப்பான் மூத்த தேசிய அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. எல்லாவற்றுக்கும் மேல், வாங்கினாலும் இங்கிலாந்தில் ஆடவைக்க முடியாது.

இந்தக் கடைசி விஷயத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

## பணி அனுமதி: 15 புள்ளிக் கணக்கு

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறிய பிறகு, 2021 ஜனவரியிலிருந்து, அயர்லாந்துக்காரர் தவிர, எந்த வெளிநாட்டுக் கால்பந்து வீரரும், பிரெஞ்சுக்காரரானாலும் பிரேசில்காரரானாலும், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தின் ஒப்புதல் பெற்றால்தான் விசா கிடைக்கும். அதற்கு 15 புள்ளி வேண்டும். புள்ளிகள் இப்படி வரும்:

1. தேசிய அணி ஆட்டங்கள். ஃபிஃபா தரவரிசையில் மேலே உள்ள நாடு என்றால், அதன் போட்டிகளில் குறைந்த சதவீதம் ஆடியிருந்தாலே நேரடி அனுமதி. கீழே போகப் போக அந்த சதவீதம் கூடும்.
2. இப்போதைய லீக்கில் ஆடிய நிமிடங்கள். ஆனால் எல்லா லீக்கின் நிமிடமும் ஒன்றல்ல. லீக்குகளை ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஸ்பெயின், ஜெர்மனி, இத்தாலி, பிரான்ஸ் போன்றவை முதல் படி. போர்ச்சுகல், நெதர்லாந்து, பெல்ஜியம், துருக்கியின் முதல் டிவிஷன்கள் அப்போது இரண்டாம் படி. ஜே லீக் அப்போது அடிப்படிகளில் இருந்தது.
3. சாம்பியன்ஸ் லீக் போன்ற கண்ட அளவிலான போட்டிகளில் ஆடிய நிமிடங்கள்.
4. கிளப் லீக்கில் எத்தனையாவது இடம் பிடித்தது.

2021 ஆகஸ்டில் மிதோமாவின் கணக்கு: மூத்த தேசிய அணியில் பூஜ்யம். ஒலிம்பிக் ஆடியிருந்தார், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் மெக்சிகோவுக்கு எதிராக ஒரு கோலும் போட்டார், ஆனால் அது வயது வரம்புள்ள அணிகளின் போட்டி என்பதால் மூத்த அணிக் கணக்கில் வராது. லீக் பட்டம் வென்றிருந்தாலும் அந்த லீக்குக்கு மதிப்பு குறைவு. ஆக, ஜப்பானின் ஆகச் சிறந்த விங்கரானாலும் இங்கிலாந்தின் அட்டவணையில் அவர் தேறவில்லை. கோளாறு அட்டவணையில்தான், இருந்தாலும் அட்டவணை அட்டவணைதான்.

இதற்கு முன்பும் இதே சுவரில் ஜப்பானியர் முட்டியிருக்கிறார்கள். தகுமா அசானோவை 2016-இல் ஆர்சனல் வாங்கியது. பணி அனுமதி கிடைக்கவில்லை, ஸ்டுட்கார்ட்டுக்கும் ஹனோவருக்கும் லோனில் போனார், ஆர்சனலுக்காக ஒரு போட்டிகூட ஆடாமல் 2019-இல் செர்பியாவின் பார்ட்டிசானுக்கு விற்கப்பட்டார். 2022 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக வெற்றி கோல் போட்டவர் இவரேதான். ஆக, 'வாங்கி, லோனில் அனுப்பு' என்ற வழி தானாக வேலை செய்யாது.

## பெல்ஜியம் ஏன், குறிப்பாக யூனியன் ஏன்

பெல்ஜியம் இரண்டாம் படி லீக், அங்கே ஆடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் புள்ளி அதிகம். அதோடு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் வீரர்களுக்கு அங்கே எண்ணிக்கைக் கட்டுப்பாடு பெரிதாக இல்லை, குறைந்தபட்சச் சம்பளம் கொடுத்தால் போதும். இதனால்தான் டிஎம்எம் என்ற ஜப்பானிய இணைய நிறுவனம் 2017-இல் சின்ட்-ட்ரைடன் கிளப்பையே வாங்கியது. வட்டாரு எண்டோ, தகெஹிரோ தொமியாசு, தைச்சி கமாதா எல்லாரும் அந்த வழியாக வந்தவர்கள்தான். எண்டோ அங்கிருந்து ஸ்டுட்கார்ட், பிறகு லிவர்பூல். தொமியாசு பொலோன்யா, பிறகு ஆர்சனல்.

மிதோமாவுக்குச் சாதகமாக இருந்தது வேறு ஒன்று. பிரைட்டனின் உரிமையாளர் டோனி புளூம் 2018 முதல் யூனியனின் பெரும்பான்மைப் பங்குதாரர். வீரரை அளக்கும் முறை இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி. அசானோவின் லோனுக்கும் இதற்கும் உள்ள முக்கிய வித்தியாசம் இதுதான் என்பேன். லோன் வாங்கும் கிளப்புக்கு அந்த வீரரின் எதிர்காலத்தில் அக்கறை இருக்க வேண்டிய அவசியமில்லை, தன் வேலை முடிந்தால் சரி. இங்கே வளர்க்கிற கைக்கும் வாங்கிய கைக்கும் பணப்பை ஒன்று. (இப்படி இரண்டு கிளப் ஒருவரிடம் இருப்பது நியாயமா என்பது தனி விவாதம். 2023-இல் இரண்டும் ஒரே ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி பெற்றபோது யூனியனில் தன் பங்கைச் சிறுபான்மையாகக் குறைத்துக்கொள்ள நேர்ந்தது புளூமுக்கு.)

யூனியன் அந்த சீசனில் லீக் கட்டத்தில் முதலிடம் பிடித்து, பிளே-ஆஃபில் கிளப் புரூஹேயிடம் பட்டத்தை விட்டது. மிதோமா அங்கே விங்கர்கூட இல்லை, மூன்று டிஃபெண்டர் அமைப்பில் இடது விங்-பேக். அதாவது முன்னும் பின்னும் ஓடித் தற்காக்கும் வேலை. 2021 அக்டோபரில் செரேங்குக்கு எதிரான ஆட்டத்தில் யூனியன் இரண்டு கோல் பின்தங்கி, ஒரு வீரரையும் இழந்திருந்தபோது இடைவேளைக்குப் பின் இறங்கி ஹாட்ரிக் அடித்தார், ஆட்டம் 4-2.

அடுத்த மாதமே ஓமனுக்கு எதிராக மூத்த தேசிய அணியில் அறிமுகம், ஒரே கோலுக்கான அசிஸ்ட் அவருடையது. 2022 மார்ச்சில் சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் இறங்கி இரண்டு கோல், ஜப்பானுக்கு உலகக் கோப்பை டிக்கெட். குறையாக இருந்த இரண்டு கட்டமும், தேசிய அணி ஆட்டமும் லீக் நிமிடமும், ஒரே ஆண்டில் நிரம்பின. 2022 கோடையில் அவர் இங்கிலாந்துக்குப் போனபோது அனுமதி ஒரு பிரச்சினையாகவே இல்லை.

## இங்கிலாந்தில் நடந்தது

இது தெரிந்த கதை, சுருக்கமாகப் போகலாம். 2022 செப்டம்பரில் ராபர்தோ டி ஸெர்பி பயிற்சியாளராக வந்ததும் இடது ஓரம் முழுக்க மிதோமாவின் கையில் வந்தது. 2023 ஜனவரியில் எஃப்ஏ கோப்பையில் லிவர்பூலுக்கு எதிரான கடைசி நேரக் கோல், லீக்கில் ஏழு கோல், பிரைட்டன் ஆறாம் இடம், கிளப்பின் வரலாற்றில் முதல் முறையாக ஐரோப்பியப் போட்டி. 2023 அக்டோபரில் 2027 வரை ஒப்பந்தம் நீண்டது. அடுத்து கணுக்காலும் முதுகும் படுத்தின, 2024 பிப்ரவரியோடு அந்த சீசன் முடிந்தது. 2024-25-இல் திரும்பி வந்து லீக்கில் 10 கோல். பிரீமியர் லீக்கில் ஒரே சீசனில் இரட்டை இலக்கம் தொட்ட முதல் ஜப்பானியர் அவர்தான்.

நடுவில் 2022 டிசம்பர் 1, கத்தார் உலகக் கோப்பை. ஸ்பெயினுக்கு எதிராக கோட்டைத் தாண்டிப் போனதாகத் தெரிந்த பந்தை மிதோமா உள்ளே தள்ள, ஆவோ தனாகா கோலாக்கினார். பந்து முழுதும் கோட்டைத் தாண்டினால்தான் வெளியே என்பது விதி. பந்தின் வளைவு கோட்டின் மேல் 2 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தொங்கிக்கொண்டிருந்தது, அதனால் கோல் செல்லும். கொடுத்தவரும் அடித்தவரும் கவாசாக்கியில் ஒரே தொடக்கப்பள்ளியில் படித்தவர்கள்.

## விளைவுகள்: யாருக்கு லாபம், என்ன மாறுகிறது

ஃப்ரோன்டாலே 2021 கோடையில் மிதோமாவையும் தனாகாவையும் சேர்த்தே இழந்தது, அதுவும் சீசன் நடுவில். ஜே லீக் அப்போது பிப்ரவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும், ஐரோப்பாவின் பெரிய டிரான்ஸ்பர் சந்தையோ ஜூலை, ஆகஸ்டில். பட்டத்துக்கான ஓட்டத்தின் பாதியில் நல்ல வீரர்கள் கிளம்பிவிடுவார்கள். அந்த ஆண்டு அப்படியும் ஃப்ரோன்டாலே சாம்பியன் ஆனது அணியின் ஆழத்துக்குச் சான்று, எல்லாக் கிளப்பும் அதைத் தாங்காது.

இப்போது இரண்டு மாற்றங்கள் வருகின்றன.

1. நாட்காட்டி. 2026-27 முதல் ஜே லீக் ஆகஸ்டில் தொடங்கி அடுத்த ஆண்டு கோடையில் முடியும். வடக்கே பனி கொட்டும் ஊர்களின் கிளப்புகளுக்கு இது தலைவலி, நடுவில் குளிர்கால இடைவேளை விட வேண்டியிருக்கிறது. ஆனால் வீரரை விற்பது சீசன் முடிவில் நடக்கும், மாற்று ஆளைத் தேடவும் பேரம் பேசவும் நேரம் கிடைக்கும்.

2. சம்பளம். ஏ, பி, சி பிரிவினை 2026-இல் ஒழிகிறது. முதல் ஒப்பந்தத்தின் உச்சவரம்பு 1.2 கோடி யென்னாக உயர்கிறது. ஐரோப்பாவோடு ஒப்பிட்டால் இன்னும் சொற்பம்தான். ஆனாலும் நீண்ட ஒப்பந்தம் கேட்க, 'வெளிநாட்டுக்கு மலிவு விலை' என்ற வரியை எடுக்கச் சொல்ல, கிளப்புக்கு ஒரு பிடி கிடைக்கும்.

இங்கிலாந்துப் பக்கத்திலும் 2023-இல் ஒரு ஜன்னல் திறந்தது. 15 புள்ளி தேறாத வீரர்களுக்காக பிரீமியர் லீக் கிளப் ஒன்றுக்கு நான்கு இடம் வரை ஒதுக்கலாம். இன்று அதே நிலையில் ஒரு மிதோமா வந்தால் பிரைட்டன் அவரை நேராக உள்ளே கொண்டுவந்துவிடலாம்.

வந்திருந்தால் நல்லதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. 2021-இல் பிரைட்டனின் பெஞ்சில் உட்கார்ந்து எப்போதாவது 10 நிமிடம் ஆடியிருப்பார். பெல்ஜியத்தில் விங்-பேக்காக ஓடிய அந்த ஒரு வருஷம் கிடைத்திருக்காது. தேசிய அணியின் பயிற்சியாளர் ஹஜிமே மொரியாசு 2022-இல் ஜெர்மனிக்கும் ஸ்பெயினுக்கும் எதிராக ஆட்டத்தின் நடுவில் அவரை இறக்கியது விங்கராக அல்ல, இடது விங்-பேக்காகத்தான். அந்த இரண்டு ஆட்டத்திலும் ஜப்பான் 2-1 என்று வென்றது.